தபால்தலை ஒட்டிய வசவு

மூர் மார்க்கெட் எரிந்துபோவதற்கு வெகுகாலம் முன்னால், அங்கிருந்த பழைய புத்தகக் கடைகளில், கெமிஸ்ட்ரி நோட்ஸுக்கும் தையல் புத்தகங்களுக்கும் அடியில், அமெரிக்க அறிவியல் புனைகதைப் பத்திரிகைகள் சில அட்டை போனவையாகவும், சில அட்டை மட்டுமே மிஞ்சியவையாகவும் கிடக்கும். எந்தக் கப்பல்காரன் படித்துவிட்டுத் துறைமுகத்தில் உதறிவிட்டுப் போனதோ, பழுப்பேறி, ஓரமெல்லாம் பொரிந்து, கொஞ்சம் பேரம் பேசினால் எட்டணாவுக்குக் கைக்கு வந்துவிடும். அட்டையில் பிதுங்கிய விழியோடு ஒரு ஜந்து, அதன் பிடியில் விண்வெளிக் குளிருக்குச் சற்றும் பொருந்தாத உடையில் ஒரு பெண், அவளைக் காப்பாற்றக் கண்ணாடிக் குடத்தைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஓடிவரும் ஒருத்தன். வீட்டில் பெரியவர்கள் கண்ணில் பட்டுவிடக் கூடாதே என்று ஹிந்து பேப்பரில் உறை போட்டு வைத்திருந்தேன். கதைக்காகத்தான் வாங்குகிறேன் என்று அப்போது நினைத்துக்கொண்டிருந்தேன். இன்றைக்கு அந்தக் கதைகளில் ஒன்றுகூட முழுசாக நினைவில்லை. நினைவிருப்பதெல்லாம் கடைசிப் பக்கங்களில் பொடி எழுத்தில் நெருக்கி அடித்திருந்த வாசகர் கடிதங்கள்தான்.

நம் வார இதழ்களில் வாசகர் கடிதம் என்றால் தொடர்கதையின் கதாநாயகியைச் சாகடித்துவிடாதீர்கள் என்று ஆசிரியருக்கு விடுக்கும் விண்ணப்பமாக இருக்கும். இங்கேயோ ஓஹையோவிலிருந்து ஒரு பதினாறு வயதுப் பையன், போன இதழில் கடிதம் எழுதிய நியூஜெர்சிக்காரனை, அவனுடைய இயற்பியல் அறிவில் தொடங்கி மூக்கின் நீளம்வரை விளாசியிருப்பான். நியூஜெர்சிக்காரன் அடுத்த இதழில் திருப்பிக் கொடுத்திருப்பான். அந்த அடுத்த இதழ்தான் மூர் மார்க்கெட்டுக்கு வந்திருக்காது. யார் ஜெயித்தார்கள் என்று தெரியாமல் தூக்கம் கெட்ட இரவுகள் எனக்கு உண்டு. அட்டைப்பட ஜந்துவுக்கேகூட அந்தக் கடிதக்காரர்கள் ஒரு பட்டப்பெயர் வைத்திருந்தார்கள். பிதுங்குவிழி ராட்சசன் என்கிற பொருளில் மூன்று எழுத்தில் 'பெம்'. அட்டைகளில் பெம்கள் வருவதைத் தடுக்க ஒரு சங்கம் வேண்டும் என்று 1939-இல் மார்ட்டின் ஆல்ஜர் என்ற ரசிகர் நையாண்டி செய்யப்போய்ப் பிறந்த சொல் அது. தான் காசு கொடுத்து வாங்குகிற பொருளை அதன் கடைசிப் பக்கங்களிலேயே கேலி செய்கிற வாடிக்கையாளர்களை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

இதற்கெல்லாம் மூலபுருஷர் ஹ்யூகோ கெர்ன்ஸ்பேக். ரேடியோ உதிரிபாகங்கள் விற்றுக்கொண்டிருந்தவர், 1926 ஏப்ரலில் அறிவியல் புனைகதைக்கென்றே 'அமேசிங் ஸ்டோரீஸ்' என்ற பத்திரிகையைத் தொடங்கினார். அவர் செய்த புரட்சி அதுவல்ல என்பது என் கட்சி. கடிதம் எழுதியவர்களின் பெயரோடு முழு விலாசத்தையும் அச்சிட்டாரே, அதுதான் புரட்சி. ஊருக்கு ஒருவனாக, வீட்டில் பைத்தியம் என்று பெயர் வாங்கி ஒண்டியாகக் கிடந்த பையன்கள், தன்னைப்போல இன்னொரு பைத்தியம் இன்ன தெருவில் இன்ன கதவெண்ணில் இருக்கிறது என்று கண்டுபிடித்துக்கொண்டார்கள். நேரடியாக எழுதிக்கொண்டார்கள். சங்கம் வைத்தார்கள். சங்கம் வைத்தால் அடுத்து என்ன நடக்கும் என்று தமிழ் வாசகருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இரண்டாவது சங்கமும் வைத்தார்கள்.

பிறகு ஆளுக்கொரு பத்திரிகை. ரஸ்ஸல் ஷோவனே என்பவர் 1940-இல் அதற்கு 'ஃபேன்சீன்' என்று பெயர் சூட்டினார். ஸ்டென்சிலில் தட்டச்சு செய்து, சைக்ளோஸ்டைல் மெஷினில் கைப்பிடியைச் சுற்றிச் சுற்றி எடுத்து, தப்பு விழுந்த இடத்தில் பூசுகிற திரவத்துக்குக்கூடச் செல்லமாகக் 'கர்ஃப்ளு' என்று பெயர் வைத்து நடத்திய பத்திரிகைகள். அந்த மெஷின் கைக்கு எட்டாதவர்கள் ஜெலட்டின் பாளத்தில் ஊதா மையை ஏற்றிப் பிரதியெடுத்தார்கள். ஊதா விரல்களைப் பார்த்தே ஆளைக் கண்டுபிடிக்கலாமாம். 1937-இல் டொனால்ட் வோல்ஹைம் முயற்சியில் உருவான ஒரு சங்கத்தில் உறுப்பினர்கள் தத்தம் பத்திரிகைப் பிரதிகளை ஓரிடத்துக்கு அனுப்ப, அவை கட்டுக்கட்டாக மூன்று மாதத்துக்கு ஒருமுறை எல்லோருக்கும் திரும்பிப் போகும். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஜனவரியில் ஒருத்தன் உங்களை மடையன் என்று எழுதினால், நீங்கள் பதிலுக்கு எழுதுவது ஏப்ரலில்தான் அவனுக்குப் போய்ச் சேரும். அவன் மறுமொழி ஜூலையில். மூன்று மாதம் கையில் இருந்தால் கோபம் ஆறிவிடும். ஆனால் வாக்கியம் மெருகேறிவிடும். போதாததற்கு, கையால் சுற்றிக் காகிதச் செலவும் தபால் செலவும் தாங்கித் திட்ட வேண்டியிருந்ததால், வீணாக ஒரு சொல்லைச் செலவழிக்க யாருக்கும் மனசு வராது. அந்தக் காலத்து வசவில் ஒரு கட்டுமானம் இருந்ததென்றால் அதற்குக் காரணம் குணவிசேஷம் அல்ல, தபால் கட்டணம்.

நேரில் சந்தித்தபோது அவ்வளவு அழகாக இல்லை. 1939 ஜூலை 2-ஆம் தேதி நியூயார்க்கில் முதல் உலக அறிவியல் புனைகதை மாநாடு. சுமார் இருநூறு பேர். ஃபாரஸ்ட் ஜே. ஆக்கர்மன் என்ற ரசிகர் எதிர்காலத்து மனிதன் உடையில் லாஸ் ஏஞ்சல்ஸிலிருந்து வந்திருந்தார். அவரிடம் வழிச்செலவுக்குக் கடன் வாங்கிக்கொண்டு ரே பிராட்பரி என்ற பதினெட்டு வயதுப் பையனும் வந்திருந்தான். ஆனால் வோல்ஹைம், ஃபிரெடரிக் போல், சிரில் கார்ன்ப்ளூத் உள்பட ஆறு பேரை வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள், மாநாட்டை நடத்திய சாம் மாஸ்கோவிட்ஸ் கோஷ்டியினர். சர்வாதிகாரம் நடக்கிறது, உஷார் என்று எச்சரிக்கிற துண்டுப்பிரசுரக் கட்டு ஒன்று ரேடியேட்டருக்கு அடியில் கிடைத்ததாம். அதை எழுதிய டேவ் கைல் என்னவோ ஜாம்ஜாமென்று உள்ளே உட்கார்ந்திருந்தார். மாஸ்கோவிட்ஸ் பின்னாளில் இந்தச் சண்டைகளுக்கென்றே ஒரு தடிமனான வரலாறு எழுதினார். இரண்டாம் உலகப்போர் வரலாற்றைப் படித்துமுடித்த கையோடு அதை எடுத்தாலும் சப்பென்று இருக்காது என்று ரசிகர்கள் அதையும் கேலி செய்தார்கள். இத்தனைக்கும் சண்டை போட்டவர்களில் பலருக்கு இருபது வயது நிரம்பவில்லை.

அட்லாண்டிக்குக்கு அந்தப் பக்கம் கொஞ்சம் நாகரிகம். 1930-களில் லண்டன் ரசிகர்களிடையே, தன் அறிவைப் பற்றித் தனக்கே மிக உயர்ந்த அபிப்பிராயம் கொண்ட ஓர் இளைஞர் இருந்தார். நண்பர்கள் அவருக்கு 'ஈகோ' என்று பெயர் வைத்தார்கள். அவரும் கோபித்துக்கொள்ளாமல் ரசிகர் பத்திரிகைகளில் அந்தப் பெயரையே போட்டுக்கொண்டார். 1956-இல் இலங்கைக்குக் குடிபெயர்ந்து, 2008-இல் கண் மூடும்வரை கொழும்பில் வாழ்ந்த ஆர்தர் சி. கிளார்க்தான் அவர். உலகமே சர் என்று அழைத்தவரை ஈகோ என்று கூப்பிடும் உரிமை லண்டனில் அவர் குடியிருந்த கிரேஸ் இன் ரோட்டு அறைத்தோழர்களுக்கு மட்டும்தான் இருந்தது. வசவு ஓர் உறவுமுறை என்பது அந்தச் சின்ன வட்டத்தில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

இவ்வளவும் எனக்குப் பின்னால் தெரியவந்தது. எழுபதுகளின் பிற்பகுதியில் மேற்படிப்புக்காக அமெரிக்காவின் நடுமேற்கு மாநிலம் ஒன்றில் போய் இறங்கியபோது, மாணவர் மன்றக் கட்டடத்தின் அடித்தளத்தில் அறிவியல் புனைகதை ரசிகர் சங்கம் வெள்ளிக்கிழமைதோறும் கூடும் என்று ஒரு நோட்டீஸைப் பார்த்துவிட்டு, வெளுத்த பேண்டும் எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலையுமாக உள்ளே நுழைந்து, 'எனக்கு சை-ஃபை என்றால் உயிர்' என்று அறிவித்தேன். அறையில் இருந்த தாடிகள் எல்லாம் ஒரே சமயத்தில் என் பக்கம் திரும்பின. இருப்பதிலேயே பெரிய தாடி, அனுதாபத்தோடு, 'தம்பி, அந்தச் சொல்லை இங்கே சொல்வதில்லை. தவிர்க்க முடியாவிட்டால் ஸ்கிஃபி என்று சொல், அப்போதுதான் நீ அதைத் திட்டுகிறாய் என்று எங்களுக்குப் புரியும்' என்றது. உட்காரக்கூட இல்லை, அதற்குள் நான் ஒரு 'நியோ' ஆகிவிட்டேன். நேற்றுப் பெய்த மழையில் இன்று முளைத்த காளானுக்கு அங்கே அதுதான் பெயர்.

சை-ஃபை என்ற சொல்லைப் பிரபலப்படுத்தியவர் அதே ஆக்கர்மன்தான், 1954-இல், வீட்டுக்கு வீடு வந்துகொண்டிருந்த ஹை-ஃபை இசைப்பெட்டியை ஒட்டி. தன் கார் நம்பர் பிளேட்டிலேயே அதைப் பொறித்துக்கொண்டு திரிந்த மனிதர். ஆனால் ஹாலிவுட்டும் செய்தித்தாள்களும் அதைப் பிடித்துக்கொண்டு ரப்பர் ராட்சசன் படங்களுக்கெல்லாம் சூட்டியதும், உள்ளே இருந்தவர்களுக்கு அது தீட்டாகிவிட்டது. எழுபதுகளில் டாமன் நைட், டெர்ரி கார் போன்ற விமர்சகர்கள் குப்பையை மட்டும் குறிக்க அந்தச் சொல்லைப் பயன்படுத்தினார்கள். எழுத்தாளர் ஹார்லன் எல்லிசனுக்கோ அது சில்வண்டுகள் கூடிக் குலாவுகிற சத்தமாகக் கேட்டது. சூசன் வுட் முதலானவர்கள் 1978 வாக்கில் அதையே ஸ்கிஃபி என்று வேண்டுமென்றே சிதைத்து உச்சரித்து, ஒரு சுருக்கத்தை வசவாகவும், வசவை அடையாளச் சொல்லாகவும் ஆக்கிவிட்டார்கள். நான் போய்ச் சேர்ந்த நேரத்தில் அந்த நாணயம் அச்சடித்த சூட்டோடு இருந்தது. ஒரே மாதத்தில் நானும் ஒரு தாடி வளர்த்துக்கொண்டு, உள்ளே நுழைந்து அந்தச் சொல்லைச் சொல்பவர்கள் பக்கம் மெதுவாகத் தலையைத் திருப்பக் கற்றுக்கொண்டேன்.

என்ன அகராதி அது! ரசிகர் கூட்டத்தின் சொற்களைத் தொகுத்து ஜாக் ஸ்பியர் என்பவர் 1944-லேயே 'ஃபேன்சைக்ளோபீடியா' போட்டுவிட்டார். கதையைப் பற்றித் தீவிரமாக, ஆக்கபூர்வமாகக் கட்டுரை எழுதுகிறவன் 'சர்கான்'. டொரன்டோவைச் சேர்ந்த பாய்ட் ரேபர்ன் ஐம்பதுகளில் உண்டாக்கிய சொல். நம்மூரில் தீவிர இலக்கியவாதி என்றால் மாலை போடுவார்கள். அங்கே அது, பீர் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு விவாதம் கிளப்புகிற அறுவைக்குப் பெயர். பீரைக்கூட அவர்கள் எழுத்தில் ஒரு 'எச்' சேர்த்துத்தான் எழுதுவார்கள். கடவுளுக்கும் அதே மரியாதை. கேவலமாக வெளிவருகிற பத்திரிகை 'க்ரட்சீன்'. கூட்டத்துக்கு வருவான், கதை படிக்க மாட்டான் என்றால் அவன் போலி ரசிகன். பத்திரிகையில் எழுதுகிறவனுக்குப் பணம் கிடையாது. தன் பெயரை அச்சில் பார்க்கிற கிளுகிளுப்புதான் கூலி, அதற்கு 'ஈகோபூ' என்று பெயர். அந்தக் கூலிக்காக அலைகிறான் என்று சொன்னால் வசவு. சொன்னவனும் அதற்காகத்தான் அலைந்தான்.

இவை எல்லாவற்றுக்கும் சிகரம் 'ஃபக்ஹெட்'. எழுத்தைக் கொஞ்சம் மாற்றிப் போட்டுக் கெட்ட வார்த்தையை நாசூக்காக்கிக்கொண்ட இந்தச் சொல்லை ரசிகர் உலகத்துக்கு வழங்கியவர்கள் லாஸ் ஏஞ்சல்ஸைச் சேர்ந்த ஃபிரான்சிஸ் டவுனர் லேனியும் சார்லஸ் பர்பியும். வெறும் முட்டாளை அது குறிக்காது. தன் முட்டாள்தனத்தைக் கொள்கையாக்கி, அதற்கு ஒரு சங்கமும் வைத்து, மற்றவர்களையும் சேரச் சொல்கிறவனைக் குறிக்கும். லேனி தன் ஊர்ச் சங்கத்தில் இருந்து அலுத்து வெளியேறியவர். 1948-இல் அந்தச் சங்கத்து மனிதர்களைப் பற்றி நூறு பக்கத்துக்கு மேல் ஸ்டென்சில் வெட்டி 'ஆ, ஸ்வீட் இடியசி!' என்று ஒரு நினைவுக்குறிப்பை வெளியிட்டார். அதில் அநியாயம் நிறைய உண்டு. அவருடைய வெறுப்புகளில் சில இன்றைக்குப் படிக்கக் கூசுகின்றன. ஆனாலும் ஒரு சங்கத்தை வெறுப்பதற்காக நூறு பக்கம் கைப்பிடி சுற்றிய மனிதனை, அந்தச் சங்கத்தை நேசித்தவன் என்றுதான் என்னால் நினைக்க முடிகிறது.

பாப் டக்கர் வேறு ரகம், சிரித்துக்கொண்டே குத்துகிறவர். இல்லினாய் மாநிலம் புளூமிங்டனில் சினிமா தியேட்டரில் ஆப்பரேட்டர். சோப்புக் கம்பெனி தயவில் வானொலியில் வருகிற அழுமூஞ்சித் தொடர் சோப் ஆப்பெரா, குதிரைக்காரப் படங்கள் குதிரை ஆப்பெரா என்றால், அரைத்த மாவையே அரைக்கிற ராக்கெட் கதைகளும் ஆப்பெராதானே என்று 1941-இல் தன் 'லெ சாம்பி' பத்திரிகையில் 'ஸ்பேஸ் ஆப்பெரா' என்று எழுதிவைத்தார். முழு வசவு. அடுத்த முப்பது வருஷம் அந்தப் பெயர் விழுந்த எழுத்தாளன் தலை நிமிர முடியவில்லை. 1974-இல் பிரையன் ஆல்டிஸ் அதே பெயரில் பிரியமாக ஒரு தொகுப்பு போட்டார். 1977-இல் 'ஸ்டார் வார்ஸ்' வந்து, அதே ராக்கெட்டும் அதே வில்லனுமாகக் கல்லாவை நிரப்பியது. இன்று புத்தகக் கடையில் அது ஓர் அலமாரிக்குப் பெயர். விருது வாங்கிய நாவலின் பின்னட்டையில் பாராட்டாக அச்சாகிறது. ஹாலிவுட்டின் ரப்பர் ராட்சசப் புகழில் நமக்கும் பங்கு உண்டு. 1952-இல் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ், அமெரிக்கர்களோடு கூட்டுச் சேர்ந்து எடுத்த 'தி ஜங்கிள்' படத்தில் நம்மூர் யானைகளுக்கு ரோமப் போர்வை போர்த்தி ஆதிகால மாமத்துகளாக நடக்கவிட்டார்கள். நான் இதைத் தாடிகளிடம் சொன்ன அன்றுதான் எனக்கு அந்தச் சங்கத்தில் கொஞ்சம் மரியாதை வந்தது. ஸ்கிஃபியின் உச்சம் என்று ஒருமனதாகத் தீர்மானித்தார்கள். யானைகளின் கருத்து கேட்கப்படவில்லை.

எங்கள் வசவுகளில் வெளியாருக்கென்று ஒதுக்கியது ஒன்றே ஒன்று: 'மண்டேன்'. கதை படிக்காத, கற்பனை இல்லாத, ஆபீசுக்குப் போய் வந்து டிவி பார்த்துத் தூங்குகிற மீதி மனிதகுலம் அத்தனைக்கும் ஒரே சொல். இதற்குப் பின்னால் ஒரு கர்வம் இருந்தது. ஏ.ஈ. வான் வோக்ட் 1940-இல் எழுதிய 'ஸ்லான்' நாவலில், சாதாரண மனிதர்களால் வேட்டையாடப்படுகிற அதிமேதை இனம் ஒன்று வரும். அது நாம்தான் என்று ரசிகர்கள் முடிவுகட்டிவிட்டார்கள். மிச்சிகனில் பேட்டில் கிரீக் என்ற ஊரில் சில ரசிகர்கள் சேர்ந்து குடியிருந்த வீட்டுக்கு 'ஸ்லான் ஷாக்' என்று பெயர். கிளாட் டெக்லர் என்பவர் ஒருபடி மேலே போய், ரசிகர்கள் நிஜமாகவே புதிய மனித இனம் என்று பிரசாரம் செய்துகொண்டு ஊர் ஊராகப் போய் மற்றவர்கள் வீட்டு சோபாவில் தூங்கினார். வகுப்பில் யாரும் பேச்சுக்குச் சேர்த்துக்கொள்ளாத பையனுக்கு, அவர்கள் என்னைச் சேர்க்கவில்லை என்பதை நான் அவர்களைச் சேர்க்கவில்லை என்று மாற்றித் தருகிற ஒரு சொல் எவ்வளவு பெரிய மருந்து! உங்கள் பள்ளிக்கூடக் கடைசி பெஞ்சிலும் இந்த மருந்து வேறு பெயரில் விற்றிருக்கும்.

முதல் விடுமுறையில் மாம்பலத்துக்கு வந்தபோது அந்த மருந்தை மூட்டையாகக் கட்டிக்கொண்டு வந்தேன். அத்தை மகன் ரமணி, பேங்க் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தவன், நான் படிக்கிற புத்தக அட்டையைப் பார்த்து, 'இன்னும் மாயாஜாலப் பட விட்டலாச்சார்யா கேஸாவே இருக்கியே' என்றான். நான் அலட்சியமாக, 'நீ ஒரு மண்டேன், உனக்குப் புரியாது' என்றேன். அடுக்களையிலிருந்து அத்தை கரண்டியோடு வெளியே வந்தாள். 'என்னடா, ரெண்டு வருஷம் அமெரிக்கா போயிட்டு வந்து என் பிள்ளையை மண்டுங்கறியா?' இல்லை அத்தை, அதற்கு அர்த்தம் வேறு என்று நான் ஆரம்பித்த விளக்கத்தை அத்தை முழுதாகக் கேட்டுவிட்டு, 'அதுக்குப் பேரும் மண்டுதான்' என்று சொல்லிவிட்டுக் குழம்பைக் கவனிக்கப் போய்விட்டாள். ஃபேன்சைக்ளோபீடியா இதைவிடச் சரியாக விளக்கியதில்லை.

உள்ளே நடந்த பிரிவினைகளில் பெரியது 'ட்ரெக்கி'. 1967 உலக மாநாட்டுக்குக் கூர்க்காது ஒட்டிக்கொண்டு வந்த ஸ்டார் ட்ரெக் ரசிகர்களைப் பார்த்து ஆர்தர் சாஹா என்ற பழைய ரசிகர் அந்தச் சொல்லைச் சொன்னதாக வரலாறு. புத்தகம் படிக்காமல் டிவி வழியாக வந்து சேர்ந்த கூட்டம் என்று பழைய தாடிகளுக்கு இளக்காரம். அந்த இளக்காரம் உறைத்தவர்கள் தங்களை 'ட்ரெக்கர்' என்று அழைத்துக்கொண்டு, ட்ரெக்கி என்றால் விவஸ்தை கெட்டவன், ட்ரெக்கர் என்றால் விஷயம் தெரிந்தவன் என்று தங்களுக்குக் கீழே ஒரு படியைக் கட்டிக்கொண்டார்கள். நம் நாட்டுக்காரனுக்கு இதில் புரியாதது எதுவும் இல்லை. 1986-இல் ஸ்டார் ட்ரெக் கதாநாயகன் வில்லியம் ஷாட்னரே ஒரு டிவி நகைச்சுவைக் காட்சியில் வந்து, போய்ப் பிழைக்கிற வழியைப் பாருங்கள் என்று தன் ரசிகர்களையே திட்டினார். அதே திட்டைத் தலைப்பாகப் போட்டு 1999-இல் ரசிகர்களைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். வாங்கியவர்கள் யார் என்று கேட்க வேண்டுமா?

அங்கேதான் காலம் திரும்பிவிட்டது என்று எனக்குப் பட்டிருக்க வேண்டும். 1970 மார்ச்சில் சான் டியேகோவில் ஒரு ஹோட்டலின் கீழ்த்தளத்தில், ஆக்கர்மனைச் சிறப்பு விருந்தினராக வைத்துக்கொண்டு, நூற்றுச் சொச்சம் பேரோடு ஒருநாள் கூட்டம் நடந்தது. இன்றைக்கு அதன் வாரிசான காமிக்-கானுக்கு ஒரு லட்சத்து முப்பதாயிரம் பேர் வருகிறார்கள். வாசலில் யாரையும் தடுக்க மாஸ்கோவிட்ஸ் இல்லை, டிக்கெட் கிடைக்காததுதான் ஒரே தடை. நெர்ட், கீக் என்று பள்ளி வராந்தாவில் பையன்களை மூலைக்குத் தள்ளிய சொற்கள் பனியனில் அச்சாகி, அதற்குக் கூடுதல் விலை. என் பேத்தி தன்னை நெர்ட் என்று அறிமுகப்படுத்திக்கொள்கிறபோது, பட்டமளிப்பு விழாவில் பெயர் வாசிக்கிற தோரணை தெரிகிறது. ரமணி வங்கியிலிருந்து ஓய்வு பெற்று, ஹால் அலமாரி முழுக்க மார்வெல் பொம்மைகளை வரிசையாக நிறுத்தியிருக்கிறான். இரண்டு 'ட்யூன்' படங்களையும் ஐமேக்ஸில் பார்த்துவிட்டு வந்து, 'நாவல்ல இதெல்லாம் வேற மாதிரியாமே, நீ படிச்சிருக்கியோ?' என்று என்னைக் கேட்டான். ஐம்பது வருஷம் கழித்து மண்டேனும் விட்டலாச்சார்யா கேஸும் இடம் மாறி உட்கார்ந்திருக்கிறோம்.

மண்டேனுக்கும் போக்கிடம் இல்லாமல் போய்விட்டது. எல்லோரும் உள்ளே வந்துவிட்டால் வெளியாரைத் திட்டும் சொல்லை வைத்துக்கொண்டு என்ன செய்வது? 2004-இல் ஜெஃப் ரைமன் முதலான எழுத்தாளர்கள், வேற்றுக்கிரகமும் ஒளியை மிஞ்சும் கப்பலும் வேண்டாம், இந்த பூமியில் நடக்கக்கூடியதை எழுதுவோம் என்று கிளம்பி, அந்த இயக்கத்துக்கு மண்டேன் என்றே பெயர் வைத்துக்கொண்டார்கள். வசவின் காலிப் பதவிக்கு ஹாரி பாட்டரிலிருந்து 'மகிள்' வந்து சேர்ந்தது. 2003-இல் ஆக்ஸ்ஃபோர்டு அகராதிக்கும் போய்விட்டது. சர்கான்களுக்குப் பல்கலைக்கழகங்களில் இருக்கை கிடைத்தது.

சை-ஃபைக்குக் கிடைத்த உத்தியோகம்தான் இருப்பதிலேயே பெரியது. 1992-இல் அந்தப் பெயரிலேயே ஒரு டிவி சானல் தொடங்கினார்கள். எல்லோர் வாயிலும் புழங்குகிற சொல்லை ஒரு கம்பெனி சொத்தாகப் பதிவுசெய்துகொள்ள முடியாதே என்ற கவலையில் 2009-இல் எழுத்துக்கூட்டலைக் கெடுத்து 'ஸிஃபை' போலத் தோன்றுகிற ஒரு வடிவத்துக்கு மாற்றினார்கள். போலந்து மொழியில் அந்த எழுத்துகளைச் சேர்த்துப் படித்தால் அழுக்கு, பரு என்கிற வகையில் பொருள் வருகிறதாம். நாங்கள் பீரிலும் கடவுளிலும் 'எச்' சேர்த்துக் கெடுத்தது பிரியத்தில். இவர்கள் கெடுத்தது வணிகச் சின்னத்துக்காக. 2008 டிசம்பரில் ஆக்கர்மன் காலமாகிவிட்டதால் இதைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் சந்தோஷமாக நம்பர் பிளேட்டை மாற்றியிருப்பார். அவர் அப்படிப்பட்ட மனிதர்.

இப்போது சண்டை இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். 2015-இல் கெர்ன்ஸ்பேக் பெயரால் வழங்கும் ஹ்யூகோ விருதுக்கு, ஒரு கோஷ்டி பட்டியல் போட்டு வாக்குகளைக் குவிக்க, எதிர்க் கோஷ்டியும் பொதுவான வாக்காளர்களும் சேர்ந்து ஐந்து பிரிவுகளில் யாருக்கும் விருது இல்லை என்று தீர்ப்பளித்தார்கள். அந்தச் சண்டையில் புழங்கிய முக்கிய வசவு 'சமூக நீதிப் போராளி'. நம்மூரில் அதைக் கட்-அவுட்டில் எழுதிப் பாலாபிஷேகம் செய்வார்கள் என்று என் பழைய தாடி நண்பருக்கு எழுதினேன். அவர் அதை மிகவும் ரசித்தார். எனக்கு இதில் ஒரு தொழில்முறை வருத்தம். அரசியல்காரர்கள் வீசியெறிந்த சொல்லை அப்படியே பொறுக்கிக்கொண்டு வந்து திட்டுகிறார்களே, சொந்தமாக ஒன்று செய்யத் தெரியாதா என்று புலம்பினேன். நண்பர் பதில் எழுதினார்: 1939-இல் வாசலில் நிறுத்தியவர்களைக் கம்யூனிஸ்டு என்றும், நிறுத்தியவர்களைச் சர்வாதிகாரி என்றும்தான் திட்டிக்கொண்டார்கள், அதெல்லாம் யார் வீட்டுச் சரக்கு? பதில் ஒரே நிமிடத்தில் வந்துவிட்டது. மூன்று மாதம் ஆகியிருந்தால் நான் அதற்குள் ஒரு நல்ல மறுப்பு யோசித்து வைத்திருப்பேன்.

'கேஃபியா' என்று ஒரு சொல் இருந்தது. எல்லாவற்றையும் விட்டு விலகுதல் என்பதன் சுருக்கம். முதலில் உலகத் தொல்லையை விட்டு ரசிகர் கூட்டத்துக்குள் ஓடிவருவதற்கு அது பெயர். பிறகு தலைகீழாகி, கூட்டத்தின் தொல்லையை விட்டு உலகத்துக்குத் திரும்புவதைக் குறித்தது. வேலை, கல்யாணம், குழந்தைகள் என்று நானும் இரண்டாவது வகையில் கேஃபியா ஆனேன். ஜெஃப் ப்ரூச்சர் 2007-இல் இந்தச் சொற்களையெல்லாம் தேதியும் மேற்கோளுமாக ஒழுங்குபடுத்தி ஆக்ஸ்ஃபோர்டு வழியாக ஓர் அகராதியே போட்டுவிட்டார். மறு வருஷம் அதற்கு ஹ்யூகோ விருது கிடைத்தது. நான் ரகசியமாகக் கற்றுக்கொண்ட வசவுகள் அத்தனையும் அதில் அகரவரிசையில் நிற்கின்றன.

மூலப் பிரதிகளும் பத்திரமாக இருக்கின்றன. ரஸ்டி ஹெவலின் என்ற ரசிகர் வாழ்நாளெல்லாம் சேர்த்த ஃபேன்சீன்கள் அயோவா பல்கலைக்கழகத்திலும், அதைவிடப் பெரிய தொகுப்பு ரிவர்சைடில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஈட்டன் சேகரிப்பிலும் உள்ளன. யார் யாரை எந்த ஆண்டு ஃபக்ஹெட் என்றார்கள், அவர் என்ன பதில் சொன்னார் என்று அங்கே போனால் வரிசையாகப் படித்துவிடலாம். அரிய நூல் அறைகளின் வழக்கப்படி உள்ளே பேனா கொண்டுபோகக் கூடாது; பென்சில்தான்.